லாஸ்கர் தற்காப்பைப் படிப்படியாகக் கற்க: ஆனந்தின் சோஃபியா ஆட்டமும் ஒரு தூங்கிய மந்திரியும்

2010 மே 11, பல்கேரியத் தலைநகர் சோஃபியா. உலக சாம்பியன் போட்டியின் பன்னிரண்டாவது ஆட்டம், கடைசி ஆட்டம். ஆனந்த் ஐந்தரை, டோபலோவ் ஐந்தரை. டோபலோவுக்கு வெள்ளைக் காய், அதுவும் சொந்த நாட்டில். டிரா ஆனால் அடுத்தது ராபிட் டை-பிரேக், அதாவது சமனை முறிக்கும் குறைந்த நேர வேக ஆட்டங்கள். ராபிடில் ஆனந்தின் எதிரே உட்கார அன்றைக்கு யாருக்கும் ஆசை இருந்திருக்காது.

அந்தப் போட்டி தொடங்கியதே கோளாறாகத்தான். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியாகவே சோஃபியா வந்தார். ஒரு நாள் தள்ளித் தொடங்கிய முதல் ஆட்டத்தில் தோற்றும் போனார். அதுவரை கறுப்பில் ஆடிய ஐந்து ஆட்டங்களில் க்ரூன்ஃபெல்ட் இரண்டு முறை, ஸ்லாவ் மூன்று முறை. கடைசி நாளில் அந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, பலரும் பழசு, சலிப்பு என்று ஒதுக்கிய ஓர் ஓப்பனிங்கை (ஆட்டத் தொடக்க முறையை) எடுத்தார். அதுதான் லாஸ்கர் தற்காப்பு. 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கரின் பெயர் அது.

இந்த ஓப்பனிங்கை அந்த ஓர் ஆட்டத்தை வைத்தே கற்றுவிடலாம் என்பது என் கணிப்பு. காய் நகர்த்தத் தெரியும், கேஸ்லிங் தெரியும், ஆனால் வெள்ளை டி4 ஆடினால் பத்தாவது நகர்வுக்குள் மூச்சு முட்டுகிறது என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிஜப் பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் பார்த்தால் விரல் தானாக அடுத்த நகர்வைத் தட்டிவிடும், மூளைக்கு வேலை இருக்காது.

குறிப்பு முறை: ரூக் இங்கே யானை, பிஷப் மந்திரி. வெட்டுக்கு × குறி. மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு. காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய். 'யானை எஃப்-டி8' என்றால் எஃப் வரிசையில் இருந்த யானை டி8-க்குப் போகிறது.

படி 1: கறுப்பின் தலைவலி எது என்று பாருங்கள்

1. டி4 டி5 2. சி4 ஈ6 3. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4. குதிரை சி3 மந்திரி ஈ7 5. மந்திரி ஜி5 எச்6 6. மந்திரி எச்4 கேஸ்லிங் 7. ஈ3

இங்கே நிறுத்துங்கள். கறுப்புக்கு எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது, சி8-ல் இருக்கும் மந்திரியைத் தவிர. ஈ6-ல் நிற்கும் சொந்தச் சிப்பாயே அதன் வழியை அடைத்துவிட்டது. குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட் என்ற இந்த ஓப்பனிங்கை ஆடுகிறவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக முனகுவது இந்த ஒரு காயைப் பற்றித்தான். ஓப்பனிங்கின் மற்ற எல்லா நகர்வுகளையும் மறந்தாலும் பரவாயில்லை, 'சி8 மந்திரி எப்போது வெளியே வரும்?' என்ற கேள்வியை மட்டும் மறக்காதீர்கள்.

5...எச்6 ஏதோ பொழுதுபோக்கு நகர்வு போலத் தெரியும். ஆனால் பின்னால் வெள்ளை ராணி சி2-லும் மந்திரி டி3-லும் வரிசை கட்டும்போது எச்7-ல் சிப்பாய் இருந்தால் அதற்குக் காவல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எச்6-க்கு வந்துவிட்டால் அந்தத் தொல்லை குறையும், ராஜாவுக்கும் ஒரு ஜன்னல் கிடைக்கும். இதை விட்டுவிட்டு நேராக அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: குதிரையை ஈ4-ல் இறக்குங்கள்

7...குதிரை ஈ4 8. மந்திரி × ஈ7 ராணி × ஈ7

லாஸ்கர் தற்காப்பின் உயிர் இந்த நகர்வுதான். ஒண்டுக்குடித்தனத்தில் இடம் போதவில்லை என்றால் சாமான்களைக் குறைப்போமே, அதே கணக்கு. கறுப்புக்கு இடம் குறைவு, அதனால் காய்களைக் குறைக்கிறோம். தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கமும் குதிரையும் மந்திரியுமாக நான்கு. இந்த நகர்வுக்குப் பிறகு மந்திரி ஒரு ஜோடி போகிறது, சற்றுப் பொறுத்துக் குதிரை ஒரு ஜோடி போகும். மீதி தலைக்கு இரண்டு. கறுப்பிடம் மிஞ்சுவது ஒரு குதிரையும், அந்தச் சி8 மந்திரியும்.

டோபலோவ் இங்கே 9. யானை சி1 ஆடினார். உங்கள் எதிரே உட்காருபவர் வேறு ஏதாவது ஆடலாம், பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

9. சி × டி5 ஆடினால் கை தானாக ஈ6 சிப்பாயால் திருப்பி வெட்டப் போகும். கூடாது. ராணி டி8-ஐ விட்டு ஈ7-க்கு வந்துவிட்டதால் டி5-க்குக் காவலே இல்லை. வெள்ளைக் குதிரை டி5-ஐ வெட்டும், கூடவே உங்கள் ராணியையும் மிரட்டும். முதலில் 9...குதிரை × சி3 10. பி × சி3, அதன்பிறகுதான் 10...ஈ × டி5. இப்போது ஈ6 காலியாகிவிட்டது, சி8 மந்திரிக்கு ஓசியில் வழி திறந்தது. வெள்ளை ராணி பி3-க்கு வந்து டி5-ஐ மிரட்டினால் யானையை டி8-ல் வையுங்கள். பிறகு வெள்ளை சி4 ஆடி, நீங்கள் வெட்டி, மந்திரியால் அவர் திருப்பி வெட்டினால், குதிரை சி6. அங்கிருந்து ஏ5-க்குப் பாய்ந்தால் ராணியும் மந்திரியும் ஒரே கவையில் மாட்டும்.

9. குதிரை × ஈ4 டி × ஈ4 10. குதிரை டி2 என்றால் எஃப்5 ஆடிச் சிப்பாயைக் காத்து, பிறகு ஈ5-க்கு ஆயத்தமாகுங்கள். 9. ராணி சி2 என்றால் சி3-ல் குதிரையை வெட்டுங்கள், சி4-ல் சிப்பாயை வெட்டுங்கள், பி6, மந்திரி பி7. அவ்வளவுதான், இதற்கு மேல் மனப்பாடம் வேண்டாம்.

படி 3: சி4-ஐ வெட்டச் சரியான நேரம்

9. யானை சி1 சி6 10. மந்திரி ஈ2 குதிரை × சி3 11. யானை × சி3 டி × சி4 12. மந்திரி × சி4 குதிரை டி7 13. கேஸ்லிங்

டி5 சிப்பாய் ஆறேழு நகர்வு முன்பே சி4-ஐ வெட்டியிருக்கலாமே, ஏன் இவ்வளவு நேரம்? வெள்ளை மந்திரி எஃப்1-ல் இருக்கும்போது வெட்டினால் அது ஒரே பாய்ச்சலில் சி4-க்கு வந்து உட்காரும். ஈ2-க்கு வந்த பிறகு வெட்டினால் சி4-க்கு வர இரண்டாவது நகர்வு செலவாகும். ஒரு நகர்வு லாபம். டி4 ஓப்பனிங்குகளில் இந்த இழுபறி அடிக்கடி நடக்கும். வெள்ளை மந்திரியை நகர்த்தாமல் வேறு உபயோகமான நகர்வு தேடிக்கொண்டிருப்பார், கறுப்பு வெட்டாமல் காத்துக்கொண்டிருப்பார். யார் முதலில் பொறுமை இழக்கிறார் என்பதுதான்.

படி 4: மந்திரிக்குக் கதவு திறப்பது, கவனமாக

13...பி6 14. மந்திரி டி3 சி5 15. மந்திரி ஈ4 யானை பி8

13...ஈ5 என்று ஆடுவதும் உண்டு. ஆனந்த் பி6 எடுத்தார். மந்திரி பி7-க்குப் போகும், சி5 தள்ளினால் நடுப்பலகை உடையும்.

வெள்ளையின் பதினைந்தாவது நகர்வைப் பாருங்கள். ஈ4 மந்திரி மூலைவிட்டத்தில் ஏ8 யானையைக் குறி வைக்கிறது. இதே நிலை எனக்கு ஒரு வார இறுதிப் போட்டியில் வந்தது. எதிரே பதினோரு வயதுப் பையன், கால் தரையைத் தொடாமல் நாற்காலியில் ஆட்டிக்கொண்டிருந்தான். நான் யோசிக்கவே இல்லை. மந்திரி பி7-க்குத்தானே போக வேண்டும், யானைக்கும் மறைப்பாயிற்று, ராணி ஏழாம் வரிசையில் இருக்கிறது, பி7-க்குக் காவலும் ஆயிற்று என்று வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினேன். பையன் ஒருமுறை என்னைப் பார்த்தான். பி7-ல் வெட்டினான். ராணியை எடுக்கக் கை நீட்டியபோதுதான் கண்ணில் பட்டது: ஈ7-க்கும் பி7-க்கும் நடுவே, டி7-ல், என் குதிரையே மறித்துக்கொண்டு நிற்கிறது. காவல் என்று நினைத்தது காவலே இல்லை. ஒரு மந்திரி முழுசாகப் போயிற்று. பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

அதனால் இந்த இடத்தில் யானையை முதலில் பி8-க்கு நகர்த்துங்கள். மந்திரி இன்னும் சி8-லேயே தூங்கட்டும்.

படி 5: மிச்சம் இருப்பதைக் கணக்கெடுங்கள்

16. ராணி சி2 குதிரை எஃப்6 17. டி × சி5 குதிரை × ஈ4 18. ராணி × ஈ4 பி × சி5 19. ராணி சி2 மந்திரி பி7

பத்தொன்பதாவது நகர்வில்தான் சி8 மந்திரி முதன்முறையாகக் கண் விழிக்கிறது. ஓப்பனிங் இங்கே முடிந்தது.

இரண்டு பக்கமும் ராணி, இரண்டு யானை, ஆறு சிப்பாய். வெள்ளையிடம் குதிரை, கறுப்பிடம் மந்திரி. கறுப்பின் ஏ7, சி5 சிப்பாய்கள் தனித்தனியாக, துணையில்லாமல் நிற்கின்றன. எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) வரைக்கும் போனால் இவை கறுப்புக்குச் சுமை. ஆனால் டி வரிசை முழுதாகத் திறந்திருக்கிறது, வெள்ளை ராஜாவை நோக்கிப் போகும் நீண்ட மூலைவிட்டத்தில் மந்திரியும் வந்தாயிற்று. காய்களைக் குறைத்துக் குறைத்து வந்தவர் கையில் கடைசியில் மிஞ்சியது, யாருக்கும் வேண்டாமல் மூலையில் கிடந்த காய்.

20. குதிரை டி2 யானை எஃப்-டி8 21. எஃப்3 மந்திரி ஏ6 22. யானை எஃப்2 யானை டி7 23. ஜி3 யானை பி-டி8 24. ராஜா ஜி2 மந்திரி டி3 25. ராணி சி1 மந்திரி ஏ6 26. யானை ஏ3 மந்திரி பி7 27. குதிரை பி3 யானை சி7 28. குதிரை ஏ5 மந்திரி ஏ8

வேகமாகத் தட்டிக்கொண்டே போனால் இந்தப் பகுதியில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். மந்திரி பி7, ஏ6, டி3, மறுபடி ஏ6, பி7, ஏ8 என்று திண்ணைக்கும் வாசலுக்கும் நடக்கிறது. நடந்த நடையில் என்னென்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அது பி7-ல் நின்றதால் எஃப்3 சிப்பாய் நகர்ந்து வாயை மூட வேண்டியதாயிற்று. ஏ6-க்குப் போய் எஃப்1 யானையை மிரட்டியதால் யானை எஃப்2-க்குப் போனது. வெள்ளை ராஜா ஜி2-க்கு, அதாவது அதே மூலைவிட்டத்துக்கு, தானாக வந்து உட்கார்ந்தது. டி3-க்குப் போனதால் வெள்ளை ராணி முதல் வரிசைக்கு, சி1-க்குத் தள்ளப்பட்டது. இந்த சி1-ஐ ஞாபகம் வையுங்கள், அடுத்த படியில் வேண்டியிருக்கும்.

எஃப்3, ஜி3, ராஜா ஜி2. மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான நகர்வுகள். சேர்த்துப் பார்த்தால் எஃப்3 என்ற ஒற்றைத் தாழ்ப்பாள்தான் ராஜாவுக்கும் ஏ8 மந்திரிக்கும் நடுவே இருக்கிறது.

படி 6: தாழ்ப்பாளை எதிராளியே திறக்க வையுங்கள்

29. குதிரை சி4 ஈ5 30. ஈ4 எஃப்5 31. ஈ × எஃப்5 ஈ4

30. ஈ4-ஆல் வெள்ளை ஒரு சுவர் கட்டுகிறார்: எஃப்3-ல் ஒரு கல், ஈ4-ல் ஒரு கல். ஏ8 மந்திரி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான் என்று தோன்றும். ஆனந்த் உடனே எஃப்5 ஆடிச் சுவரை இடிக்கிறார். வெள்ளை வெட்டியதும், ஈ5 சிப்பாயையும் ஈ4-க்குத் தள்ளிப் பலி கொடுக்கிறார்.

ஒரு காகிதத்தால் இனி வரப்போகிற நகர்வுகளை மூடிவிட்டு, வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து ஐந்து நிமிடம் யோசியுங்கள். ஈ4-ல் இலவசமாக ஒரு சிப்பாய். எஃப்3-ஆல் வெட்டலாமா?

டோபலோவ் வெட்டினார். 32. எஃப் × ஈ4 ராணி × ஈ4 செக்.

வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல்தான், ஆனால் தாழ்ப்பாள் போயிற்று. ராணி ஈ4-ல், அதன் முதுகுக்குப் பின்னால் ஏ8-லிருந்து மந்திரி. ராஜா ஜி1-க்குப் பின்வாங்கினால் ராணி எச்1, மேட். ராஜா ராணியை வெட்ட முடியாது, மந்திரி காவல். எஃப்1-க்குப் போனால் ராணி எச்1 செக், ராஜா ஈ2-க்கு ஒதுங்கியதும் முதல் வரிசை முழுக்கக் காலி, அந்தக் கோடியில் சி1-ல் வெள்ளை ராணி அம்போ என்று நிற்கும். எட்டு நகர்வு முன்பு மந்திரி டி3-க்குப் போய்த் தள்ளிவிட்டு வந்த அதே ராணி! ஆனந்த் அப்போதே இதைப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். நல்ல இடத்தில் நிற்கும் காய்க்கு இப்படி யோகம் அடிக்கும்.

டோபலோவ் ராஜாவை முன்னே நடத்தினார்: 33. ராஜா எச்3 யானை டி4. இப்போது மிரட்டல் ராணி ஜி4 மேட். டி4 யானை ராணிக்குக் காவல், ஜி2-ஐ மந்திரி அடைத்துவிட்டது. 34. குதிரை ஈ3 ஆடி ஜி4-ஐக் காத்தார்.

இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நகர்வு அடுத்தது: 34...ராணி ஈ8. தாக்கும்போது ராணியை முன்னே கொண்டுபோகத்தான் நம் கை பழகியிருக்கிறது. இங்கே ராணி நான்கு கட்டம் பின்னால் போகிறது. ஈ8-லிருந்து எஃப்7, ஜி6, எச்5 என்று சாய்வாகப் பாருங்கள். எச்5-ல் ராணி வந்தால் மேட். ராஜா போக வேண்டிய ஜி2-ஐ அதே ஏ8 மந்திரி பார்த்துக்கொண்டிருக்கிறது. பயிற்சியில் இந்த நகர்வைத் தானாகக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. பின்னோக்கிய நகர்வு கண்ணுக்கு லேசில் படாது.

படி 7: முடிவு வரைக்கும் ஆடுங்கள்

35. ஜி4 எச்5 36. ராஜா எச்4 ஜி5 செக் 37. எஃப் × ஜி6 ராணி × ஜி6 38. ராணி எஃப்1 யானை × ஜி4 செக் 39. ராஜா எச்3 யானை ஈ7 40. யானை எஃப்8 செக் ராஜா ஜி7 41. குதிரை எஃப்5 செக் ராஜா எச்7 42. யானை ஜி3 யானை × ஜி3 செக் 43. எச் × ஜி3 ராணி ஜி4 செக் 44. ராஜா எச்2 யானை ஈ2 செக் 45. ராஜா ஜி1 யானை ஜி2 செக் 46. ராணி × ஜி2 மந்திரி × ஜி2 47. ராஜா × ஜி2

37-வது நகர்வு என்பசான் வெட்டு, அதாவது இரண்டு கட்டம் தாவி வந்த சிப்பாயை அது கடந்த கட்டத்திலேயே பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது. பலகையில் ஆடும்போது குழம்பாதீர்கள்.

46-ஐ இரண்டு முறை ஆடிப் பாருங்கள். பதினெட்டு நகர்வு அசையாமல் ஏ8-ல் உட்கார்ந்திருந்த மந்திரி, பலகையின் குறுக்கே ஓடி ராணியை வெட்டிவிட்டுத் தானும் விழுகிறது. மீதி ராணிக்கும் யானை-குதிரை ஜோடிக்குமான எண்ட்கேம். 56...ராணி ஜி7-க்குப் பிறகு டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார். ஆறரை, ஐந்தரை. பட்டம் சென்னைக்காரரிடமே இருந்தது.

எங்கே இது உதவாது

வெள்ளை ஐந்தாவது நகர்வில் மந்திரியை ஜி5-க்குக் கொண்டுவந்தால்தான் லாஸ்கர் உண்டு. எஃப்4-ல் வைத்தாலோ, சீக்கிரமே சி × டி5 வெட்டிவிட்டாலோ, ஜி3 ஆடி கேட்டலான் என்ற ஓப்பனிங்குக்குப் போனாலோ இந்த வழி கிடையாது. அதற்கெல்லாம் தனித்தனி ஏற்பாடு வேண்டும். இந்தப் போட்டியில் ஆனந்தே வெள்ளையில் கேட்டலான் ஆடித்தான் இரண்டு ஆட்டங்களை ஜெயித்தார்.

இன்னொரு குறை: உங்களைவிடப் பலம் குறைந்தவர் டிரா போதும் என்று உட்கார்ந்தால், காய்கள் சீக்கிரம் குறைந்துவிடுவதால் ஜெயிப்பது கஷ்டம். கட்டாயம் ஜெயிக்க வேண்டிய சுற்றில் நான் இதை எடுக்க மாட்டேன். அரைப் புள்ளி கிடைத்தால் போதும், எதிராளி பொறுமை இழந்தால் இன்னும் நல்லது என்கிற சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

பயிற்சி

முதல் வாரம் பன்னிரண்டாவது நகர்வு வரை மட்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் 'இது எந்தக் காயை வெளியேற்றுகிறது?' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். பதில் வராத இடத்தில் நகர்வை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டாவது வாரம், 9-வது நகர்வில் வெள்ளை மாற்றி ஆடும் அந்த மூன்று வழிகளையும் நண்பரோடு பதினைந்து நிமிட ஆட்டமாக.

மூன்றாவது வாரம் 19-வது நகர்வு நிலையை அடுக்குங்கள். இந்த முறை கறுப்பை நண்பரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வெள்ளைப் பக்கம் உட்காருங்கள். எஃப்3 ஆடவே கூடாது என்ற நிபந்தனையோடு பத்து நகர்வு தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.